கமலி ஏற வேண்டிய பெட்டி

காப்பகக் குடியிருப்பு,
முடிச்சூர் ரோடு, மேற்குத் தாம்பரம்
ஏப்ரல் 13

நித்திக்கு,

முதலில், இந்த உறையைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கும் வார்டன் மேடத்துக்கு வணக்கம். மேடம், உள்ளே காதல் இல்லை, கேள்வித்தாள் இல்லை, சிம்பன்சி மட்டும்தான் இருக்கிறது. திரும்ப ஒட்டும்போது சோற்றுப்பருக்கையை வீணாக்க வேண்டாம். நித்யஸ்ரீயின் தட்டில் விழுவதே கொஞ்சம் என்று கேள்வி.

நித்தி, நாமக்கல்லில் உனக்கு நாமமும் போட்டுத் தலையில் கல்லையும் ஏற்றிவிட்டார்களா? நீ போய் மூன்று வாரமாகிறது. விடுதியில் போன் கிடையாது என்று தெரியும். பேனாவுமா கிடையாது?

எங்கள் காப்பகத்தில் காப்பு உண்டு, அகம் உண்டு, காப்பிதான் இல்லை. பாலெல்லாம் கரடிக்குட்டிக்குப் போய்விடுகிறது. வெயில் இப்போதே நூறைத் தாண்டியாயிற்று. லீவில் சும்மா இருந்தால் ஊர் தாங்காது என்று அப்பா என்னைச் சமையல் கொட்டகையில் போட்டிருக்கிறார். பக்கெட் தண்ணீரில் மாதுளை முத்தும் வாழைத்துண்டும் போட்டு ஐஸாக உறைய வைப்பது, கோணியை நனைத்துக் கூண்டின் மேல் விரிப்பது, இளநீர் வெட்டுவது. எல்லாம் எங்கள் சிம்பன்சி கமலி ஒருத்திக்காக.

துரை இறந்தது உனக்குத் தெரிந்திருக்கும். அந்த வாரம் நாம் பேசிக்கொள்ளவில்லை, அதனால் முழுசாகச் சொல்கிறேன். பிப்ரவரி பத்தொன்பது, காலையில், தன் அறையிலேயே விழுந்துவிட்டான். இதயம். கமலி அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பாவும் சக்திவேல் அண்ணாவும் நடுக்கதவை இறக்கிவிட்டு, பின்வாசல் வழியாக அவனை எடுத்துப் போனார்கள். அறையைப் பினாயில் ஊற்றிக் கழுவிப் பூட்டியாயிற்று. கமலி எதையும் பார்க்கவில்லை. பார்த்தால் தாங்கமாட்டாள் என்றார் அப்பா. ஒரே சர்க்கஸிலிருந்து மீட்கப்பட்டு இருபத்திரண்டு வருடம் ஒன்றாக இருந்த ஜோடி அது.

இப்போது அவள் தனி. முன்பெல்லாம் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு அப்பாவி மாதிரி உட்கார்ந்திருந்து, சக்திவேல் அண்ணா பக்கத்தில் வந்ததும் பீய்ச்சி அடிப்பாளே, அதெல்லாம் நின்றுவிட்டது. விமானப்படைக்காரர்களின் பயிற்சி விமானம் தலைக்கு மேல் போனால் நிமிர்ந்து பார்க்கிறாள். அவ்வளவுதான்.

வடக்கே ஒரு காப்பகத்தில் ஐந்து சிம்பன்சிகள் இருக்கின்றன. அவர்கள் கமலிக்கு இடம் தருகிறார்கள். கத்திரி முடிந்து, ஜூன் இரண்டாம் தேதி லாரி. ஆனால் அவளுக்கும் இதயம் பலவீனம். மயக்க ஊசி போட்டால் எழுந்திருப்பாள் என்று யூனிஸ் டாக்டர் உத்தரவாதம் தரமாட்டேன் என்கிறார். அதனால் கமலி தானாக நடந்து இரும்புப் பெட்டிக்குள் ஏறி, கதவை மூடினாலும் மிரளாமல் உட்கார வேண்டும். ஏறாவிட்டால் அந்த இடம் வேறு ஒன்றுக்குப் போய்விடும். இவள் இங்கே இன்னும் பதினைந்து, இருபது வருடம் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

பெட்டியைக் கூண்டு வாசலோடு ஒட்டி வைத்திருக்கிறோம். உள்ளே பப்பாளி. அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னா ஜென்சி, நீ ஒரு தபா உள்ள பூந்து காட்டேன். உன்னியப் பாத்து அது கத்துக்கும்" என்கிறார் சக்திவேல் அண்ணா.

"நான் ஏறினா நீங்க கதவை மூடி லாரியில ஏத்திடுவீங்கண்ணா."

"அப்டியாச்சும் தாம்பரம் நிம்மதியா இருக்கட்டும்."

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் (அடித்தல் திருத்தலுக்கு உட்பட்ட) தோழி,
ஜென்சி


மாணவியர் விடுதி, நாமக்கல்
ஏப்ரல் 20

ஜென்சி,

இங்கே ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் கடிதம் எழுதலாம். ஒருவருக்கு இரண்டு கடிதம். ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்றை மூன்று வாரமாக யாருக்கும் எழுதாமல் விட்டேன்.

நீ விலங்குகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நம்மைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் எழுதுகிறேன். பிப்ரவரி பதினேழாம் தேதி, குரோம்பேட்டையில் படம் பார்ப்பதற்காக, நீ என் அம்மா குரலில் ரமணி மிஸ்ஸுக்குப் போன் செய்து "நித்யாவுக்கு ஜுரம்" என்றாய். அச்சு அசல் அம்மா. அந்த இருமல்கூட. ஆனால் அந்த நேரத்தில் என் அம்மா ஏதோ சான்றிதழ் வாங்க வந்து, மிஸ்ஸுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்திருப்பேன். மறுநாள் விசாரித்தபோது, குரல் மாற்றிப் பேசியது நான்தான் என்று சொன்னேன். நீ வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். வாயைத் திறக்கவில்லை. எத்தனை குரல் தெரியும் உனக்கு! ஒன்றுகூட வரவில்லை அன்றைக்கு.

அடுத்த மாதம் நான் இங்கே.

வார்டன் மேடம் சோற்றுப்பருக்கை வரியைப் படித்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான். அதற்கும் நீ காரணம் என்பது எரிச்சலாக இருக்கிறது.

கமலியை மட்டும் எனக்குப் புரிகிறது. மத்தியானம் படிப்புக்கூடத்தில் ஃபேன் சத்தத்துக்கு நடுவில், "நித்யா, காபி ஆறிண்டிருக்கு" என்று அம்மா கூப்பிடுகிற மாதிரி சில சமயம் கேட்கும். அந்தக் குரல் நிஜமாக வந்தால் எந்த அறைக்குள்ளும் போய்விடுவேன். பின்னால் கதவை மூடினாலும் பரவாயில்லை.

நித்யஸ்ரீ


மேற்குத் தாம்பரம்
ஏப்ரல் 26

நித்தி,

திட்டு கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். பதில் சொல்ல ஆரம்பித்து நான்கு தாள் கிழித்தேன், அதனால் கமலிக்கே வருகிறேன்.

பதிமூன்று நாளில் முன்னேற்றம்: ஒரு கால். இடது கால். பெட்டியின் விளிம்பில் வைத்தாள், தரை சூடா என்று பார்க்கிற மாதிரி, எடுத்துவிட்டாள். அப்பா பப்பாளியை மாற்றி மாம்பழம், மாம்பழத்தை மாற்றி ராகிக்கூழ், தேன் தடவிய குச்சி என்று பந்தி விரித்துப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்ததையெல்லாம் எறும்பு ஏறிச் சாப்பிட்டது. எறும்பை அனுப்புவதென்றால் லாரியை இன்றைக்கே வரச் சொல்லலாம்.

அப்பாவுக்குத் தூக்கம் சரியில்லை. சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்யும்போது, கமலி பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் என் அம்மா பெயரைச் சொல்கிறார். அம்மாவிடம் வெள்ளிக்கிழமை வீடியோவில் இதைப் போட்டுக்கொடுத்தேன். சிரித்தாள். அப்புறம் படம் நின்றுவிட்டது, சிரித்த வாயோடு.

உன் கடைசி வரியைப் பலமுறை படித்தேன். ஒரு யோசனை வந்திருக்கிறது. துரை தினமும் காலையில் எப்படிக் கூப்பிடுவான் என்று நினைவிருக்கிறதா? அடியில் மெதுவாக ஹூ, ஹூ என்று ஆரம்பித்து, மூச்சு ஏறி ஏறி, கடைசியில் ஹுவா என்று தகரம் அதிரும்படி. அதை ஏழாம் வகுப்பிலிருந்தே நான் போடுவேன். நீயே ஒரு தடவை ஏமாந்து, துரை தப்பித்துவிட்டான் என்று கட்டிலில் ஏறி நின்றாய்.

பெட்டியின் அந்தக் கோடியில் இன்னொரு இரும்புக் கதவு இருக்கிறது. அதற்கு வெளியே நான் உட்கார்ந்தால் அவளுக்குத் தெரியாது.

அப்பாவிடம் சொல்லவில்லை. ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஜென்சி


நாமக்கல்
மே 4

ஜென்சி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. ஞாயிறுக்கு முன் எழுத விடமாட்டேன் என்கிறார்கள். கெஞ்சிப் பார்த்தேன்.

வேண்டாம். செய்யாதே.

நித்யஸ்ரீ


மேற்குத் தாம்பரம்
மே 5

நித்தி,

ஏறினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, பெட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து துரையாகக் கூப்பிட்டேன். மூன்றாவது ஹூவிலேயே கூண்டு அதிர்ந்தது. நடந்து வரவில்லை, ஓடி வந்தாள். பெட்டியின் கடைசி வரை வந்து, நான் ஒளிந்திருந்த கதவைத் தட்டினாள். உள்ளங்கையால். நான் ஒரு சாண் தள்ளி இந்தப் பக்கம். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. பதிலுக்கு அவளும் கூப்பிட்டாள். நித்தி, துரையோடு பேசும் குரலை அவள் பிப்ரவரிக்குப் பிறகு எடுக்கவே இல்லை.

முன்பக்கத்திலிருந்து அப்பா கத்தினார். "ஏறிட்டா! சக்தி, தானா ஏறிட்டாடா!"

நான் கொட்டகைப் பக்கம் ஓடிவந்து, அப்போதுதான் வருகிற மாதிரி வந்தேன். அப்பா சக்திவேல் அண்ணாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் தாம்பரம் மார்க்கெட் பக்கம் போய் பிரியாணி வாங்கி வந்தார். எனக்கு இரண்டு முட்டை.

அப்புறம்தான் கமலி அந்தக் கோடிக் கதவை நகத்தால் இழுக்க ஆரம்பித்தாள். ஒரு நகம் பிய்ந்து ரத்தம். வெளியே வந்து, துரையின் பூட்டிய அறைக்கு முன்னால் உட்கார்ந்தாள். இன்றைக்கு நான்காவது நாள். ஐஸ் கட்டி உருகிச் சாக்கடையில் போகிறது. கஞ்சி இரண்டு வாய். பெட்டி இருக்கும் பக்கம் முதுகு.

"இன்னாத்துக்கு இப்டி பேஜாராயிட்ச்சி? நல்லாத்தான ஏறுச்சி?" என்று சக்திவேல் அண்ணா என்னிடமே கேட்கிறார். யூனிஸ் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். அப்பா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த முட்டை இரண்டையும் சாப்பிட்டேன்.

ஜென்சி


நாமக்கல்
மே 11

ஜென்சி,

என் கடிதம் தாமதமாக வந்திருக்கும்.

கோபமாக எழுத வேண்டும் என்று வாரம் முழுக்க மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். அரை மணியில் பத்து நிமிடம் போய்விட்டது, ஒன்றும் வரவில்லை. யோசனையைக் கொடுத்தது நான். அதை நான் கமலிக்காகச் சொல்லவில்லை, எனக்காகச் சொன்னேன்.

ஒன்று மட்டும். டாக்டர் வியாதியைத் தேடுகிறார். உனக்குக் காரணம் தெரியும். நீ சொல்லாத ஒவ்வொரு நாளும் அவர்கள் ரத்தத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள். உன் அப்பாவிடம் சொல். இன்றைக்கே.

எனக்காக யாரிடமும் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

இங்கே அறையில் எட்டுப் பேர். யாரும் யாருடனும் பேசுவதில்லை. பேசினால் மதிப்பெண் குறையும் என்று நினைக்கிறார்கள்.

நித்யா


மேற்குத் தாம்பரம்
மே 17

நித்தி,

புதன்கிழமை சொன்னேன். அப்பா கூண்டுத் தரையைக் கழுவிவிட்டு வந்து சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"எப்படிக் கூப்பிட்ட? இங்க கூப்பிட்டுக் காட்டு" என்றார்.

ஜன்னலைச் சாத்திவிட்டுக் கூப்பிட்டேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். என் அப்பா தனசிங் அழுது நான் பார்த்ததில்லை. துரை செத்த அன்றைக்குக்கூட ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அவளுக்குக் காட்டியிருக்கணும்மா. செத்துட்டான்னு காட்டாம நான் தூக்கிட்டுப் போயிட்டேன். இத்தனை நாளா அவ போனவனுக்கா காத்துட்டிருக்கா? உள்ள இருக்கறவனுக்குல்ல."

யூனிஸ் டாக்டரிடம் என்னை அழைத்துப் போனார். அவர் கத்தவில்லை. "ஜென்சி, உனக்கு இது மிமிக்ரி. அவளுக்கு அவ புருஷன். பத்து நாளைக்குக் கூண்டுப் பக்கம் உன் நிழல்கூட விழக்கூடாது." அப்புறம் அப்பாவிடம் திரும்பி, "உங்களுக்கும் சேத்துத்தான் சொல்லணும், ஆனா நீங்க வேணுமே" என்றார்.

மறுநாள் துரையின் அறையைத் திறந்தார்கள். நான் தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து பார்த்தேன், அவ்வளவு தூரத்தில் அவள் ஒரு கறுப்புப் புள்ளி. மற்றதைச் சக்திவேல் அண்ணா சொன்னார். கமலி உள்ளே போய்த் தரையை முகர்ந்தாளாம். சாக்கடை ஓட்டையில் விரலை விட்டு முகர்ந்தாளாம். துரை படுக்கும் பலகையில் ஏறி, அதற்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டு, கழுவும்போது யாரும் கவனிக்காத ஒரு கோணித் துண்டை உருவினாளாம். அதைத் தலையில் போட்டுக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். அது தொட்டி மேடு வரைக்கும் கேட்டது. கூப்பிட்டுவிட்டு நிறுத்தி, காது கொடுத்தாள். காப்பகமே மூச்சுவிடவில்லை. கரடிக்குட்டிகூட.

"அப்பால அது படுத்துகினுச்சி ஜென்சி. தூங்கலை. சும்மா படுத்துகினு இருந்துச்சி." சக்திவேல் அண்ணா என்னை ஒன்றுமே கிண்டல் செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நேற்றுக் காலை பப்பாளி கேட்டுக் கம்பியைத் தட்டியிருக்கிறாள்.

நேற்றே மாலை பஸ் பிடித்துக் குரோம்பேட்டைக்கு உன் வீட்டுக்குப் போனேன். நீ கேட்கவில்லை, தெரியும். சாவித்ரி ஆன்ட்டி ஆபீஸிலிருந்து வந்து பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். வாசலிலேயே சொல்லிவிட்டேன். "ஆன்ட்டி, அன்னிக்கு உங்க குரல்ல பேசினது நித்யா இல்ல. நான்."

பூட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "உள்ள வா. சாப்ட்டியோ?" என்றார். தோசை வார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. உன் நாற்காலியில் துணி மடித்து வைத்திருந்தது. அதை எடுக்காமல் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நித்தி, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது பயத்தால்தான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை. மன்னித்துக்கொள்.

ஜென்சி


நாமக்கல்
மே 25

ஜென்ஸ்,

அம்மா வந்தாள். நேற்று, பார்வையாளர் நேரத்தில்.

உன்னைப் பற்றிச் சொன்னாள். நான் "இப்பவாவது தெரிஞ்சுதா?" என்றேன். அதற்கு அவள், "எனக்கு அன்னிக்கே தெரியும்டி. உனக்கு மிமிக்ரி வராதுன்னு பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள்.

அப்படியென்றால் ஏன் அனுப்பினாய் என்று கேட்டேன். சேர்க்கை ஜனவரியிலேயே முடிந்துவிட்டதாம். என்னிடம் எப்படிச் சொல்வது என்று அவளும் அப்பாவும் திண்டாடிக்கொண்டிருந்தபோது போன் விஷயம் வந்தது. நல்ல காரணமாகக் கிடைத்துவிட்டது.

"கேட்டா நீ மாட்டேன்னிருப்பே" என்றாள்.

"கேட்டிருக்கலாமேம்மா" என்றேன்.

வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முறுக்கு கொண்டுவந்திருந்தாள். "வேணும்னா வா, போயிடலாம்" என்று சொன்னாள், ஆனால் கைப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். யாருக்காகவும் இல்லை. போய் அந்த வீட்டில் எந்த முகத்தோடு காபி குடிப்பது என்று தெரியவில்லை. நாலு மணி பஸ்ஸில் போய்விட்டாள்.

உன்மேல் மூன்று மாதமாக வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே வைப்பது? அதற்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் உன்னிடமே இருக்கட்டும்.

லாரிக்கு இன்னும் எட்டு நாள். கமலி ஏறினால் எழுது. ஏறாவிட்டாலும் எழுது. அவள் ஏற வேண்டும் என்று இங்கே எட்டுப் பேரும் நினைக்கிறோம். ஆமாம், சொல்லிவிட்டேன். கட்டில் கட்டிலாகப் போய்ச் சொன்னேன். வார்டன் மேடம்தான் முதலில் கேட்டார், "அந்தக் கமலிக்கு என்னாச்சு?" என்று.

நித்தி


மேற்குத் தாம்பரம்
ஜூன் 3

நித்தி,

வார்டன் மேடத்துக்கும் மற்ற ஏழு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பத்து நாள் முடிந்து இருபத்தைந்தாம் தேதி என்னை உள்ளே விட்டார்கள். கமலி என்னைப் பார்த்தாள், பார்வையை எடுத்துக்கொண்டாள். பெட்டிக்குள் எதையும் வைப்பதில்லை என்று அப்பா முடிவு செய்திருந்தார். பழம் இல்லை, தேன் இல்லை, யாரும் கூப்பிடுவதும் இல்லை. இரு பக்கக் கதவையும் திறந்து வைத்து, அந்தக் கோடியில் கம்பி வலை மட்டும் போட்டிருந்தோம். உள்ளே ஒன்றும் இல்லை என்பது இந்தப் பக்கத்திலிருந்தே அவளுக்குத் தெரிய வேண்டும் என்றார்.

நாங்கள் மூவரும் தள்ளி உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினோம். ஐந்து நாள். நான் வாழ்நாளில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. சக்திவேல் அண்ணா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஜொரம் கிரம் இல்லியே" என்றார். அன்றைக்குத்தான் மறுபடி கிண்டல் செய்தார்.

முப்பதாம் தேதி பதினோரு மணி வெயிலில், கோணியை இழுத்துக்கொண்டு வந்தாள். பெட்டியின் வாசலில் நின்று அந்தக் கோடி வரை பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கோணியை விரித்து, நான்கு பக்கமும் மடித்து விட்டு, நடுவில் உட்கார்ந்தாள். அப்பா எழுந்து கதவை இறக்கினார். சங்கிலி சத்தம் போட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்துத் திறந்தார். அப்போதும் வெளியே வரவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஐந்தரைக்கு லாரி. யூனிஸ் டாக்டரும் சக்திவேல் அண்ணாவும் கூடவே போயிருக்கிறார்கள், மூன்று நாள் பயணம். அப்பா பெட்டியின் ஓட்டை வழியாக அவளுக்கு இளநீர் கொடுத்தார். பாதி குடித்தாள், மீதியை வாயில் வைத்துக்கொண்டு அப்பா முகத்தில் அடித்தாள். அப்பா துடைத்துக்கொள்ளவில்லை.

கேட்டைத் தாண்டி ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் லாரி நின்றது. பஸ் ஒன்று வழி விடவில்லை. அப்போது பெட்டிக்குள்ளிருந்து கூப்பிட்டாள். ஹூ, ஹூ என்று மெதுவாகத் தொடங்கி, ஏறி ஏறி. கடைசியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். ஹாரன் சத்தம், பஸ்காரன் திட்டுகிற சத்தம், அதற்கெல்லாம் நடுவில் அவள் காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும் நித்தி. தாம்பரத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தொண்டை வரைக்கும் வந்தது.

சொல்லவில்லை.

பஸ் நகர்ந்தது. லாரி போயிற்று. "வா, கூண்டு கழுவணும்" என்றார் அப்பா.

ஜென்சி